கவனமாய் எழுது என்பவர்களுக்கு

நம் கல்லூரிகளில் சி மொழி சொல்லிக்கொடுக்கிறவர்களும், பெங்களூரில் அதையே எழுதிச் சம்பளம் வாங்கும் சீனியர்களும் பெரும்பாலும் எதிலும் ஒத்துப்போவதில்லை. ஒரே ஒரு வாக்கியத்தில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். "சி புரோகிராமரை நம்புற மொழி. நீதான் கவனமா எழுதணும்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம்பிக்கை, பொறுப்பு, கவனம் எல்லாமே நல்ல சொற்கள். ஆனால் இந்த வாக்கியம் நடைமுறையில் செய்கிற வேலையைப் பாருங்கள். மெஷின் சும்மா செய்துதரக்கூடிய ஒரு சோதனையை மனிதனின் தலையில் ஏற்றி வைக்கிறது. அப்புறம் அவன் தவறும்போது அவனைத் திட்டுவதற்கான உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது.

சி மொழியில், புரோகிராம் ஓடத் தொடங்கும் முன்பே, கம்பைல் ஆகும்போதே வகைப் பிழைகளைப் பிடிக்கும் கலை ஒன்று இருக்கிறது. மேக்ரோக்களை வைத்துச் செய்வது அது. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடும் லினக்ஸ் கெர்னல் கால் நூற்றாண்டாக அதைச் செய்துவருகிறது. நாம் அதைச் சொல்லித்தருவதில்லை. சொல்லித்தராததைத் தகுதிக் குறைவாக மாணவர்கள் மீதே திருப்பிவிடுகிறோம். என் சண்டை இதோடுதான். புரோகிராமிங் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் படித்திருந்தால் போதும், மிச்சத்தைப் போகப்போகச் சொல்லிவிடலாம்.

முதலில் ஒரு நதி.

காவிரி கர்நாடகத்திலிருந்து தமிழகத்துக்குள் நுழையும் இடத்தில், பிலிகுண்டுலுவில், மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஆறு தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லுக்கு வருகிறது. மழைக்காலத்தில் எங்கள் ஊர்ப் பேப்பரில் தினமும் ஒரு செய்தி இருக்கும்: நீர்வரத்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி, அருவியில் குளிக்கத் தடை, பரிசல் இயக்கத் தடை. தமிழ்ப் பேப்பர் கன அடியில் எழுதும். மத்திய நீர்வள ஆணையத்தின் வெள்ள அறிக்கை கன மீட்டரில் பேசும். நீதிமன்றம் டி.எம்.சி.யில் பேசும். ஆண்டுக்கு 192 டி.எம்.சி. என்று 2007இல் நடுவர் மன்றம் சொன்னது, அது 177.25 டி.எம்.சி. என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு கன மீட்டர் என்பது ஏறத்தாழ 35.3 கன அடி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் வருவது. முதல் இரண்டும் ஓட்டம், மூன்றாவது கொள்ளளவு. ஆறு ஒன்று, வகை மூன்று.

இப்போது ஒரு கற்பனை. வெள்ள எச்சரிக்கை கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்றுக்கு நீங்கள் சி-யில் புரோகிராம் எழுதுகிறீர்கள். நீர்வரத்து 20,000-ஐத் தாண்டினால் சைரன் அடிக்க வேண்டும். உங்கள் மனதில் இருப்பது கன அடி. மேலிருந்து வரும் எண் 1000. அது கன மீட்டர். உண்மையில் ஆற்றில் வருவது 35,000 கன அடிக்கு மேல். உங்கள் புரோகிராமுக்கு 1000 என்பது 20,000-ஐவிடச் சின்ன எண், அவ்வளவுதான். சைரன் அடிக்காது. பரிசல் ஓடிக்கொண்டிருக்கும்.

கம்பைலர் ஏன் தடுக்கவில்லை? ஏனென்றால் நீங்கள் அதனிடம் எதுவுமே சொல்லவில்லை. கன அடியும் 'டபுள்', கன மீட்டரும் 'டபுள்'. கம்பைலரின் கண்ணுக்கு இரண்டும் வெறும் தசம எண்.

கற்பனை என்று சிரிக்காதீர்கள். 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயில் தொலைந்துபோனது இப்படித்தான். தரையில் ஓடிய ஒரு மென்பொருள் உந்துவிசையைப் பவுண்டுக் கணக்கில் எழுதிவைத்தது. வாங்கிய பக்கம் அதை நியூட்டன் கணக்கு என்று படித்தது. 4.45 மடங்கு வித்தியாசம். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் கவனமில்லாதவர்களா? உலகத்திலேயே அதிகக் கவனத்துக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் அவர்கள்.

இதற்குச் சி-யில் மருந்து உண்டு. நம் பாடப்புத்தகம் சொல்லும் 'டைப்டெஃப்' அந்த மருந்து இல்லை. அது பட்டப்பெயர் வைப்பது மாதிரி. முருகேசனை 'மணி' என்று கூப்பிட்டாலும் ஆள் அதே முருகேசன்தான். டபுளுக்குக் 'கன அடி' என்று டைப்டெஃப் வைத்தாலும் கம்பைலருக்கு அது அதே டபுள்தான். மருந்து 'ஸ்ட்ரக்ட்'. ஒரே ஒரு டபுளை உள்ளே வைத்து ஒரு ஸ்ட்ரக்டைக் கட்டிக் கன அடி என்று பெயர் வையுங்கள். இன்னொன்றைக் கட்டிக் கன மீட்டர் என்று பெயர் வையுங்கள். இப்போது இவை இரண்டு தனி வகைகள். ஒன்று கேட்கும் இடத்தில் மற்றொன்றைக் கொடுத்தால் கம்பைலர் அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலான மெஷின்களில் இதற்கு ஓடும்நேரச் செலவு எதுவும் கிடையாது. ஒவ்வொரு அலகுக்கும் ஸ்ட்ரக்ட், உருவாக்கும் ஃபங்ஷன், கூட்டும் ஃபங்ஷன், ஒப்பிடும் ஃபங்ஷன் என்று திரும்பத்திரும்ப எழுத அலுப்பாக இருக்கிறதா? அதற்குத்தான் மேக்ரோ. அலகின் பெயரை மட்டும் கொடுத்தால் இந்த நான்கையும் அதுவே எழுதிவிடும். ஒரு அலகுக்கு ஒரு வரி.

மேக்ரோ என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. பழைய காலத்தில் ஏடு படியெடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அர்த்தம் பார்க்காமல், 'இந்தச் சொல் வரும் இடத்தில் எல்லாம் அந்த வரியைப் போடு' என்றால் போட்டுவிடுவார். அவருக்குத் திணை தெரியாது, பால் தெரியாது. அவர் எழுதி முடித்த ஏட்டை வாங்கிப் படிப்பவர் கம்பைலர். இவர் இலக்கணப் புலவர். வழு இருந்தால் ஏட்டைத் திருப்பி எறிவார்.

வழு என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தைத் தொடங்குவதே கிளவியாக்கத்தில்தான். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரலாம், எது சேரக்கூடாது என்பதுதான் அந்த இயலின் பெரும்பகுதி வேலை. நன்னூல் வழுவை ஏழாக வகுக்கிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. 'மாடு வந்தான்' என்பது கேட்டவுடனே காதில் இடறுகிறது. ஆற்றில் இறங்கிச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை, வாக்கியத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கம்பைல்நேர வகைச் சோதனை என்று ஆங்கிலப் புத்தகம் நீட்டி முழக்குவது இந்த ஒன்றைத்தான்.

நம் இலக்கணக்காரர்கள் இதற்கு மேலும் ஒரு படி போனார்கள். வழுவமைதி என்று ஒன்று வைத்தார்கள். மகளைப் பார்த்து "வாடா கண்ணா" என்று கூப்பிடுவது பால் வழு. ஆனால் அன்பு என்ற காரணம் இருப்பதால் அமைத்துக்கொள்ளலாம். காரணம் இல்லாவிட்டால் அது வெறும் வழு. சி-யில் 'காஸ்ட்' என்பது இந்த வழுவமைதிதான். "இது வேற வகைன்னு எனக்குத் தெரியும், காரணத்தோடதான் மாத்துறேன்" என்று கம்பைலரிடம் சொல்வது. நாம் சொல்லிக்கொடுப்பதோ காரணம் இல்லாத வழுவமைதி. வார்னிங் வருகிறதா, முன்னால் ஒரு காஸ்ட் போடு, வாயை மூடிவிடும்.

இங்கே ஒருவர் எழுந்து, "சி-யில் வகை எல்லாம் சும்மா பேருக்குத்தான், அது அசெம்ப்ளிக்குப் போட்ட சட்டை" என்பார். வரலாறு அவர் பக்கம் இல்லை. சி-க்கு முன்னால் கென் தாம்ப்ஸன் செய்த 'பி' என்ற மொழி இருந்தது. அதில் வகைகளே கிடையாது. எல்லாமே மெஷினின் ஒரு சொல். எழுத்துக்கு ஓர் அளவு, எண்ணுக்கு ஓர் அளவு என்று இருந்த பி.டி.பி-11 மெஷின் வந்தபோது அது தடுமாறியது. 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி பி-க்கு வகைகளைச் சேர்க்கப்போய் வந்ததுதான் சி. வகைகளைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது சி அல்ல, பி. அதே பெல் லேப்ஸில், அதே பத்தாண்டுகளுக்குள், கம்பைலர் விட்டதைப் பிடிக்க ஸ்டீபன் ஜான்ஸன் 'லின்ட்' என்ற கருவியை எழுதினார். புரோகிராமரை நம்பு என்ற அந்தக் கூட்டமே பக்கத்தில் ஒரு காவல்காரனையும் உட்கார வைத்திருந்தது. அந்த இரண்டாவது பாதியை நமக்கு யாரும் சொல்லவில்லை.

இனி மேக்ரோவின் உண்மையான வித்தைக்கு வருவோம்.

இரண்டு எண்களில் சின்னது எது என்று சொல்லும் மேக்ரோவை எல்லோரும் லேப் ரெக்கார்டில் எழுதியிருப்போம். மைனஸ் 1 சின்னதா, 100 சின்னதா? மைனஸ் 1 சாதாரண இன்டாகவும், 100 குறியில்லாத 'அன்சைன்ட்' இன்டாகவும் இருந்தால், சி சொல்லும் பதில் 100. ஏனென்றால் ஒப்பிடும் முன் மைனஸ் 1-ஐ அது அன்சைன்டாக மாற்றும். 32 பிட்டில் அது 4,294,967,295 ஆகிவிடும். தண்ணீர்த் தொட்டியின் சென்சார் பழுதானால் மைனஸ் 1 அனுப்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுதான சென்சாரின் மதிப்பு 400 கோடியைத் தாண்டும்.

2001 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் கெர்னலின் 2.4.9 வெளியீட்டில் இந்த மேக்ரோவை மாற்றினார். இரண்டு எண்களோடு வகையையும் மூன்றாவதாகச் சொல்லியே ஆக வேண்டும் என்றார். பெரிய ரகளை ஆனது. அது ஓய்ந்தபின் வந்த வடிவம்தான் அழகு. கொடுத்த இரண்டையும் அதனதன் வகையிலேயே இரண்டு தற்காலிக மாறிகளில் போட்டுக்கொள். பிறகு அந்த மாறிகளின் முகவரிகள் சமமா என்று ஒப்பிடு. ஒப்பிட்டு வந்த பதிலைத் தூக்கி எறிந்துவிடு.

பதிலை எறிவதற்கு எதற்கு ஒப்பீடு? அந்த ஒப்பீடு புலவருக்காக எழுதிய வாக்கியம். வேறு வேறு வகைகளின் முகவரிகளை ஒப்பிட்டால் கம்பைலர் முணுமுணுத்தே தீரும். வகை ஒன்றாக இருந்தால் பேசாமல் கடந்து போகும். பதில் யாருக்கும் தேவையில்லை என்பதால் முடிவில் வரும் மெஷின் கோடில் அந்த ஒப்பீட்டின் சுவடே இருக்காது. அர்த்தம் தெரியாத படியெடுப்பவரைக்கொண்டு, அர்த்தம் தெரிந்த புலவரிடம் ஒரு கேள்வியைக் கேட்க வைத்தாயிற்று. செலவு சுழியம்.

இன்னொன்று. ஒரு 'அரே'யில் எத்தனை உறுப்புகள் என்று எண்ணும் மேக்ரோ: மொத்த அளவை ஒரு உறுப்பின் அளவால் வகுப்பது. அரேக்குப் பதில் பாயின்டரைக் கொடுத்தால் இந்த வகுத்தல் எதிர்ப்பு காட்டாமல் தப்பான விடை தரும். 64 பிட் மெஷினில் இன்ட் பாயின்டருக்கு 2 என்று சொல்லும், உள்ளே ஆயிரம் எண் இருந்தாலும். கெர்னல்காரர்கள் அதே மேக்ரோவுக்குள் ஒரு பொறி வைத்தார்கள். கொடுத்தது பாயின்டர் என்று தெரிந்தால், மைனஸ் ஒரு பிட் அகலமுள்ள ஒரு உறுப்பை அறிவிக்கச் சொல்லும். அப்படி ஒரு உறுப்பு இருக்கவே முடியாது. கம்பைல் நின்றுவிடும்.

இவையெல்லாம் குறுக்குவழி என்று முகம் சுளிப்பவர்களுக்காகத் தரநிலையே இறங்கிவந்தது. சி11-இல், கம்பைல் நேரத்திலேயே ஒரு நிபந்தனையைச் சரிபார்க்கும் 'ஸ்டாட்டிக் அசெர்ட்' வந்தது. கொடுத்த வகையைப் பார்த்து ஃபங்ஷனைத் தேர்ந்தெடுக்கும் 'ஜெனரிக்' வந்தது. கன அடியாக மாற்று என்று ஒரே மேக்ரோ. கன மீட்டர் கொடுத்தால் 35.3-ஆல் பெருக்கும் ஃபங்ஷனுக்குப் போகும், கன அடி கொடுத்தால் அப்படியே திருப்பும், டி.எம்.சி. கொடுத்தால் கம்பைல் ஆகாது. ஓட்டத்தையும் கொள்ளளவையும் குழப்பக்கூடாது என்ற எட்டாம் வகுப்பு அறிவியல் இப்போது கம்பைலருக்கும் தெரியும். சி23-இல் 'டைப்ஆஃப்'பும் தரநிலைக்குள் வந்துவிட்டது.

இப்போது நம் லேபுக்கு வருவோம்.

என் தலைமுறையில் பலர் சி கற்றது 1990களின் டர்போ சி நீலத்திரையில். அதில் இன்ட் என்றால் 2 பைட். நம் கையில் இருந்த மெஷினில் 4 பைட். தேர்வில் 2 என்று எழுதினால்தான் மார்க். மேக்ரோ பற்றி வைவாவில் கேட்பது ஒன்றே ஒன்று: அடைப்புக்குறி போடாத 'ஸ்கொயர்' மேக்ரோவுக்கு 3+2 கொடுத்தால் என்ன வரும்? 25 அல்ல, 11 வரும். மாணவன் திணற வேண்டும், கேட்டவர் புன்னகைக்க வேண்டும். மேக்ரோ ஆபத்தானது, கவனமாக இரு. பாடம் முடிந்தது. அதே மேக்ரோவை வைத்து ஆபத்தைத் தடுக்கவும் முடியும் என்ற அடுத்த பக்கம் கிழிந்துபோன புத்தகம் அது.

அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. லேப் தேர்வில் கம்பைல் எரர் என்றால் அவமானம். எக்ஸ்டர்னல் வந்து நிற்கும்போது திரையில் எரர் தெரிந்தால் மார்க் போச்சு. ஆக மூன்று மணி நேரமும் மாணவனின் ஒரே இலக்கு, கம்பைலரின் வாயை அடைப்பது. வார்னிங் என்றால் "பரவால்ல, ரன் ஆகுதுல்ல, விடு" என்பார்கள். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்து, முதல் செமஸ்டரில்தான் கம்ப்யூட்டரைத் தொடும் பிள்ளை, தன்னிடம் பொறுமையாகப் பிழையைச் சொல்லும் ஒரே ஆசானைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொள்கிறது. கம்பைலர் ஊர் பார்க்காது, உச்சரிப்பு பார்க்காது, எத்தனை தடவை கேட்டாலும் சலித்துக்கொள்ளாது. அதைக் கண்டாலே கை நடுங்கும்படி செய்துவிட்டோம்.

அப்புறம் அந்தப் பிள்ளை ஓசூர் ரோட்டில் ஒரு கம்பெனிக்குப் போகிறது. கோட் ரிவ்யூவில் "இதைக்கூடக் கவனிக்கலையா?" என்கிறார் சீனியர். கவனம் இங்கே ஒரு குணமாகிவிடுகிறது. நகரத்துப் பள்ளியில் படித்தவனுக்குப் பிறவியிலேயே இருப்பதாகவும், தருமபுரியிலிருந்து பஸ் பிடித்து வந்தவனுக்கு இல்லாததாகவும் ஒரு குணம். அந்தச் சீனியரின் புராஜெக்டிலோ வார்னிங்குகளை எரராக்கும் சுவிட்ச் பல வருஷமாக அணைத்தே கிடக்கும். முன்னூறு வார்னிங் ஓடும் திரையில் முன்னூற்று ஒன்றாவதை ஒருவன் எப்படிப் பார்ப்பான்?

இது நம் ஊர் நோய் மட்டும் என்று சொல்லமாட்டேன். அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவதை 1999-ஆம் ஆண்டுத் தரநிலையே நீக்கிவிட்டது. ஜி.சி.சி. கம்பைலர் அதை இயல்பிலேயே எரராக ஆக்கியது 2024-இல், 14-ஆம் பதிப்பில். இன்டையும் பாயின்டரையும் காஸ்ட் இல்லாமல் மாற்றிக்கொள்வதும் அதோடுதான் எரரானது. 25 ஆண்டுகள் உலகமே வார்னிங்கைப் பார்த்தும் பார்க்காமல் போனது. கவனம் என்ற சாமியின் சக்தி அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பின் நல்ல வாதங்களையும் பார்த்துவிடலாம்.

மேக்ரோ வித்தைகள் படிக்கச் சகிக்காது என்கிறார்கள். உண்மை. எதிர்மறை அகலமுள்ள பிட் என்ற எரரைப் பார்த்து, "நீ அரேக்குப் பதில் பாயின்டர் கொடுத்துட்ட" என்று யாரால் புரிந்துகொள்ள முடியும்? 2024-இல் இன்னொன்றும் வெளிப்பட்டது. கெர்னலின் அந்தச் சின்னது–பெரியது மேக்ரோக்கள் காலப்போக்கில் சோதனைமேல் சோதனையாகச் சேர்ந்து வீங்கி, ஒன்றுக்குள் ஒன்றாகப் பயன்படுத்திய ஒரே ஒரு வரி 40 மெகாபைட்டுக்கும் மேல் விரிந்தது. அப்புறம் உட்கார்ந்து மெலிய வைத்தார்கள். வகையைக் கட்டாயமாக மாற்றிவிட்டு ஒப்பிடும் இன்னொரு மேக்ரோவும் கெர்னலில் உண்டு. வார்னிங்கை அடக்க அதைப் போட்டு, பெரிய எண்ணைச் சின்ன வகைக்குள் திணித்து வெட்டியவர்களும் உண்டு. 8 பிட்டுக்குள் 256-ஐத் திணித்தால் மிஞ்சுவது 0. காரணமில்லாத வழுவமைதி அங்கேயும் நடக்கிறது. ஆனால் இவையெல்லாம் சோதனையை நன்றாக எழுத வேண்டும் என்பதற்கான வாதங்கள். சோதனையே வேண்டாம் என்பதற்கு ஒன்றுகூட இல்லை.

"டெஸ்டிங்கில் பிடித்துக்கொள்ளலாம்" என்பார்கள். டெஸ்ட் நீங்கள் நினைத்துப்பார்த்த நிலைமையைத்தான் சோதிக்கும். பழுதான சென்சாரை நீங்கள் நினைத்திருந்தால் கோடிலேயே எழுதியிருப்பீர்களே.

"ரஸ்ட் வந்துவிட்டது, இன்னும் எதற்குச் சி?" என்பார்கள். ரஸ்ட் வரட்டும், சந்தோஷம். 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலிலேயே அதற்கு இடம் உண்டு. ஆனால் அந்தக் கெர்னலின் கோடிக்கணக்கான சி வரிகள் நாளைக் காலையில் மாறிவிடப்போவதில்லை. பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்து மோட்டாரை போனிலிருந்து ஆன் செய்யும் ஸ்டார்ட்டர், வீட்டு மின் மீட்டர் போன்ற மலிவான பெட்டிகளுக்குள் பெரும்பாலும் இருப்பது இன்றைக்கும் சி. புது வீடு கட்டும்வரை பழைய வீட்டின் ஒயரிங்கைச் சரிபார்க்கமாட்டேன் என்பது வைராக்கியமா, சோம்பலா? ரஸ்ட் எழுதும் வேலை கிடைத்தவர்கள் பேசும் அந்தத் தொனியில் எனக்குக் கேட்பது வேறொன்று: பழைய சி-யைப் பராமரிக்கும் வேலை யாருக்குப் போய்ச் சேருகிறதோ, அவர்கள் பட்டுக்கொள்ளட்டும்.

கடைசியாக எங்கள் மாவட்டத்தின் தண்ணீரைப் பற்றி ஒன்று. தருமபுரியின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்கிறது இந்தியத் தரநிலை. அதை மீறிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை படிந்தது, சிலருக்கு எலும்பும் வளைந்தது. அந்தக் கறை பிறகு எந்த நல்ல தண்ணீர் குடித்தாலும் போவதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது இதற்காகத்தான். போர்வெல் தண்ணீரைக் குடத்தில் பிடிக்கும் முன்பே சோதிக்கலாம். அல்லது பத்து வருஷம் கழித்துப் பிள்ளையின் பல்லைப் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். இரண்டுமே 'சோதனை'தான். முதலாவதற்குச் செலவு சோதிக்கிறவனுக்கு, இரண்டாவதற்குச் செலவு குடித்தவனுக்கு. இந்த நிலைமையில் அந்தத் தாயைப் பார்த்து "கவனமா தண்ணி குடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்பவனை என்னவென்று சொல்வது?

ஓடும்போது வெடிக்கும் வகைப் பிழையும் அப்படித்தான். அதை எழுதியவன் அப்போது வேறு கம்பெனியில் இருப்பான். பரிசலில் இருப்பவருக்கு ஸ்டாக் டிரேஸ் படிக்கத் தெரியாது.

ஆகவே சி சொல்லிக்கொடுக்கும் நண்பர்களிடம் கேட்பது நான்குதான். முதல் வாரமே எல்லா வார்னிங்கையும் திறந்து, வார்னிங்கை எரராக்கும் சுவிட்சையும் போட்டுக் கொடுங்கள். கம்பைல் எரருக்கு மார்க் குறைக்காதீர்கள். அந்த எரரை வாசித்து விளக்கச் சொல்லி மார்க் கொடுங்கள். ஸ்கொயர் மேக்ரோவுக்கு அடுத்த வகுப்பில், இரண்டு முகவரிகளை ஒப்பிட்டுப் பதிலைத் தூக்கி எறியும் அந்த மேக்ரோவைக் கரும்பலகையில் எழுதி, ஏன் எறிகிறோம் என்று கேளுங்கள். காஸ்ட் போட்ட ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுதச் சொல்லுங்கள், வழுவமைதிக்கு நம் இலக்கணம் கேட்பதுபோல.

இத்தனையும் செய்தபின் ஒரு மாணவனிடம் "கவனமா எழுது" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்போது சொல்ல வேண்டிய அவசியம் அதிகம் இருக்காது.